தொலைநிலையில் பெரியவர்களுக்குப் பாடம்: மெட்டீரியலை எப்படிப் பார்த்து எடுப்பது?

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்குத் தொலைநிலையில் பாடம் நடத்த வேண்டும், நல்ல மெட்டீரியல் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் உடனே நீளமாக ஒரு பட்டியலை அனுப்பிவிடுகிறோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் வகுப்புப் பாடங்களை இலவசமாகத் தரும் ஓப்பன் கோர்ஸ்வேர், பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்லேர்ன், இலவசப் பாடநூல்களுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ், ஆசிரியர் கையேடுகளுக்குக் காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பான காமன்வெல்த் ஆஃப் லேர்னிங். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் இவை எல்லாம் ஒரே ரகம் இல்லை, அதை யாரும் சொல்வதில்லை.

எம்ஐடியில் கிடைப்பதில் பெரும்பகுதி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்காகத் தயாரானது. புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேட்கலாம் என்பது அதற்குள் இருக்கும் அனுமானம். ராத்திரி பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் ஒருவர் யாரிடம் கையைத் தூக்குவார்? 1969-ல் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலிலிருந்தே இந்த ஆளுக்காகத்தான் எழுதுகிறது. அதனால் ஓப்பன்லேர்னில் ஒரு பாடத்தைத் திறந்தால், கொஞ்சம் படித்ததுமே உங்களை ஏதாவது செய்யச் சொல்லிவிடும்.

நான் மெட்டீரியலைப் புரட்டும்போது முதலில் தேடுவது அதைத்தான். கேள்வி இருக்கிறதா, சரி, இருந்தால் அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வெறும் விடை மட்டும் என்றால் மூடிவைத்துவிடுவேன். உதாரணமாக, மாதம் 2 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். கடைசிப் பக்கத்தில் ‘26.8’ என்று போட்டுவிட்டால் பிரயோஜனம் இல்லை. ‘24 என்று எழுதினீர்களா? வட்டியை மாதாமாதம் கட்டிவிட்டால் உங்கள் கணக்கு சரிதான். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தால், அந்த வட்டிக்கும் வட்டி ஏறும், அப்போது ஏறத்தாழ 26.8 வரும். நீங்கள் பார்த்த கடன்களில் எந்த முறை இருந்தது?’ என்று எழுதினால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த தொலைநிலைக் கல்வி அறிஞர் போர்யே ஹோல்ம்பெரி தொலைநிலைக் கல்வியையே ஒரு வழிநடத்தும் உரையாடலாகப் பார்த்தார். அந்தக் கடைசிக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் கையில் அனுபவத்தோடு வருகிறார்கள் என்று முதியோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது இதற்குத்தான். கடன் வாங்கிக் கட்டிய ஒருவருக்கு வட்டி என்றால் என்ன என்று முதல் பாராவில் விளக்குவது, அவரை அவமானப்படுத்துவதில்தான் போய் முடியும்.

வீடியோ பற்றி ஒரே ஒரு விஷயம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் வகுப்புகளை வைத்து 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களைத்தான் மக்கள் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்றது. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றிவிட்டு ‘ஆன்லைன் கோர்ஸ்’ என்று பெயர் வைப்பவர்கள் அதை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். பயணத்தில் கேட்க ஆடியோவாகவும் கொடுங்கள், டேட்டாவும் மிச்சம்.

அப்புறம் உரிமம். இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் தமிழில் பாடம் தருபவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான், ஏனென்றால் திறந்த வளங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, நாம் மொழிபெயர்த்துச் சுருக்கி உதாரணங்களை மாற்றித்தான் தர முடியும். இத்தகைய வளங்களை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என்டி’ (ND) என்று இருந்தால் மாற்றியதை வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றம் என்றே கணக்கு. ‘எஸ்ஏ’ (SA) என்றால் நீங்கள் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். ‘என்சி’ (NC) என்றால் வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஓப்பன் கோர்ஸ்வேர் இந்த எஸ்ஏ, என்சி இரண்டும் சேர்ந்தது, எனவே கட்டணப் பயிற்சி நடத்துபவர்கள் முதலில் உரிமப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிடுங்கள். எடுத்த இடத்தையும் ஆசிரியர் பெயரையும் அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மூடில் (Moodle) மாதிரியான ஆன்லைன் பாடத் தளத்தில் முழுப் பாடத்திட்டத்தையும் ஏற்றிவிட்டு உட்காராதீர்கள். ஒரே ஓர் அலகை எடுத்து, மேலே சொன்ன மாதிரி கேள்விகளும் விளக்கங்களும் சேர்த்து எழுதி, நாலைந்து பேரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். அந்தப் பக்கத்தை மாற்றி எழுதிய பிறகு இரண்டாவது அலகுக்குப் போகலாம்.