வரி ரசீதில் அப்பாவின் பெயர்

அப்பா இறந்து ஒன்றரை ஆண்டு ஆன பிறகுதான், வீட்டு வரி ரசீதில் இன்னும் அவர் பெயரே இருப்பது என் கண்ணில் பட்டது. இடையில் வரி கட்டியவன் நான்தான். தொகையைப் பார்த்தேனே தவிர ரசீதைப் படிக்கவில்லை.

எங்கள் வீடு தாராசுரத்தில், ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து நடக்கிற தொலைவில் இருக்கிறது. அப்பா ரசீதுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். அடியில் இருந்தவை தாராசுரம் பேரூராட்சி கொடுத்தவை. மேலே இருந்தவை கும்பகோணம் மாநகராட்சி கொடுத்தவை. வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, ஊர்தான் அதைத் தேடி வந்துவிட்டது. 2021இல் கும்பகோணம் மாநகராட்சியாக உயர்ந்தபோது எங்கள் பேரூராட்சியை அதோடு சேர்த்தார்கள். 1866இல் நகராட்சியான ஊருக்கு அந்தத் தகுதி கிடைக்க 155 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. எனக்கு வேண்டியது பெயர் மாற்றம் மட்டும். அதற்கு அவ்வளவு காலம் ஆகாது என்று நம்பினேன்.

முதல் நாளே தவறான வாசலில் போய் நின்றேன். வீடு சம்பந்தப்பட்டது எல்லாமே தாலுகா அலுவலகத்தில்தான் என்ற நினைப்பு. அங்கிருந்த ஊழியர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வரிக்கு இங்கே வேலை இல்லை சார், மாநகராட்சிக்குப் போங்கள்" என்றார். அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவர், பட்டு நெசவிலேயே ஆயுளைக் கழித்தவர், திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். "பட்டா தாசில்தாரிடம். பத்திரமும் வில்லங்கமும் சார்பதிவாளரிடம். வரி மாநகராட்சியிடம். மூன்றும் ஒரே வீட்டைப் பற்றியவைதான் தம்பி, ஆனால் ஒன்றில் பெயர் மாறினால் மற்றதில் தானாக மாறாது." பத்து ஆண்டுகள் சென்னையில் கணக்கு எழுதிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், பாக்கி இல்லாத வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இவ்வளவும் சேர்க்கச் சொன்னார்கள் மாநகராட்சியில். இறப்புச் சான்று இருந்தது. வாரிசுச் சான்று தாசில்தார் தருவது. அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தபோது அப்பாவின் தலைப்பெழுத்தை 'இரா.' என்று சொல்லித் தொலைத்தேன். வரி ரசீதில் அவர் 'ரா.'. எந்தத் தமிழாசிரியரிடம் கேட்டாலும் இரண்டும் ஒன்றே என்பார். கோப்புக்குத் தமிழாசிரியர் கிடையாது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுத்துக்கூட்டிய பிழை என்னுடையது, யாரைக் குறை சொல்ல?

அதைவிடக் கடினம் அக்காவின் கையெழுத்து. கோவையிலிருந்து போனில் கேட்டார்: "வரியில் உன் பெயர் ஏறிவிட்டால் நாளை வீடும் உன்னுடையதுதானே?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேள்வியில் நியாயம் இருந்தது. வரி ரசீது யார் வரி கட்டுகிறார் என்பதைத்தான் காட்டும், உரிமையைத் தராது என்று நான் விளக்கியது போதவில்லை. "வீட்டில் உன் பங்கு அப்படியே இருக்கிறது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிய பிறகுதான் சம்மதக் கடிதம் வந்தது. வாரிசுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்தப் பேச்சை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நான் கடைசியில் பேசினேன். மூன்று வாரம் போயிற்று.

இடையில் கவுன்சிலரைப் பார்த்தால் வேலை நடக்கும் என்று பலர் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பெயர் மாற்றம் ஆணையரின் கீழுள்ள வருவாய்ப் பிரிவின் வேலை, அதற்கு மன்றத் தீர்மானம் வேண்டியதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆணையரை அரசு நியமிக்கிறது. மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 48 வார்டுகளின் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 மார்ச்சில் இந்த மாநகராட்சியின் முதல் மேயரானவர் ஆட்டோ ஓட்டுநரான சரவணன். அதற்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், 2016 முதல், தமிழ்நாட்டின் நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியாத நாட்களில் அப்பா யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திண்ணையில் முணுமுணுத்ததன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்கியது.

மனு கொடுத்தபோது ஓர் அரையாண்டு வரி பாக்கி என்று தெரிந்தது. அதுவும் என் மறதிதான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்குகிறது. முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. நான் இழந்தது சிறு தொகைதான், இருந்தாலும் அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். பாக்கியைக் கட்டி, ரசீதை இணைத்து, மனு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டேன். பில் கலெக்டர் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

புதிய ரசீது வந்தது. இம்முறை முழுவதையும் படித்தேன். பெயர் சரி, தலைப்பெழுத்தும் சரி. அதையும் அதே கம்பியில் குத்திவைத்துவிட்டு மின் கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் இன்னும் 'ரா.' என்றே அப்பா இருக்கிறார். அது மின்வாரியம், அதற்கு வேறு மனு.