மூன்றாவது இழுப்பு

வேலை போன அன்று வீட்டுக்கு வந்து நான் முதலில் செய்தது, சபைக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தது. ஏதாவது ஒரு கணக்காவது சரிவரட்டும் என்று. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருபத்தொரு வருடம் கணக்கு இலிகிதராக இருந்தேன். 2022 நடுப்பகுதியில், நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது, கிளையை மூடுகிறோம் என்று ஒரு கடிதத்தை நீட்டினார்கள்.

எங்கள் மெதடிஸ்த சபைக்குப் பதினொரு வருடமாக நான்தான் பொருளாளர். காணிக்கையை ஒரு சதம் பிசகாமல் எண்ணியிருக்கிறேன். ஆராதனையில் முழு மனதோடு உட்கார்ந்த ஞாயிறுகளை எண்ணச் சொன்னால் விரல்கள் மிஞ்சும்.

அடுத்த வாரங்களில், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனைப்போலவே வெளியே கிளம்பிவிடுவேன். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்கள் கையில் அர்ச்சனைத் தட்டு, என் கையில் ஒரு தாள். கட்டாரில் மைத்துனர் பார்த்துவைத்த வேலை, கொழும்பில் அக்கா மகனின் கடை, இல்லையென்றால் ஊரிலேயே ஏதாவது. மூன்றுக்கும் வரவு செலவு எழுதி வைத்திருந்தேன். ஆண்டவர் ஏதாவது ஒன்றில் கையொப்பம் வைத்தால் போதும் என்ற தோரணையில்தான் ஜெபித்தேன். கோட்டைப் புள்ளிமான் ஒன்று வந்து அந்தத் தாளை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. வேறு பதில் வரவில்லை.

போதகரிடம் போனேன். "ஐயா, தேவசித்தம் எதுவென்று எப்படி அறிவது? எனக்கு உண்மையில் விசுவாசம் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறது" என்றேன். பொருளாளர் சொல்லக்கூடிய வார்த்தையா அது! அவர் அதிரவில்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் கதையைச் சொன்னார். 1728இலேயே குருவாக அபிஷேகம் பெற்றவர். 1735இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குக் கப்பலேறிப் போய், தோற்றுத் திரும்பியவர். 1738இல், தனக்கே இல்லாத விசுவாசத்தை ஊருக்குப் போதிப்பதா, பிரசங்கத்தை விட்டுவிடவா என்று பீற்றர் போலர் என்ற ஜெர்மானியப் போதகரிடம் கேட்டாராம். விசுவாசம் வரும்வரை அதையே பிரசங்கி, வந்தபின் வந்ததனால் பிரசங்கிப்பாய் என்று போலர் சொன்னாராம். அந்த வருடம் மே 24ஆம் தேதி இரவுதான், லண்டன் அல்டர்ஸ்கேற் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது.

எனக்கு அது கள்ளக் கணக்காகத் தோன்றியது. கைக்கு வராத பணத்தை வரவில் எழுதுவதுபோல. போதகர் வாதாடவில்லை. "திருக்கடலூர்ப் பக்கம் எஞ்சின் திருத்தும் நம் சபைத் தம்பிக்குப் பற்றுச்சீட்டு எழுத ஆள் வேண்டுமாம். கட்டாரைப் பிறகு பார்ப்போம். நாளைக் காலையில் அங்கே போங்கள்" என்றார்.

பற்றுச்சீட்டு எழுதத்தான் போனேன். ஆனால் அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வள்ளங்களின் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலை எஞ்சின் மக்கர் செய்யும். பெற்றோலும் பங்கீட்டில்தான் கிடைத்த காலம். அந்தக் கடைசிச் சொட்டை மிச்சம் பிடித்தவர்களின் எஞ்சின்கள் வரிசையாகப் பட்டறைக்கு வந்தன. பேனையை வைத்துவிட்டுப் பிளக் கழற்றத் தொடங்கினேன். கரி பிடித்த முனையைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, இடைவெளியைப் பார்ப்பது, காபரேட்டரைப் பிரித்து நுண்துளைகளில் காற்றடிப்பது. என்னை அண்ணன் என்று அழைக்கும் இருபத்தொன்பது வயதுத் தம்பிதான் என் குரு. திட்டும்போதும் "அண்ணன்" என்பதை விடமாட்டான்.

பட்டறை திறக்குமுன் பலகையில் உட்கார்ந்து கொஞ்சம் ஜெபிக்கும் வழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. வெஸ்லிக்கு இருந்ததுபோல எனக்கு ஒரு தேதி இல்லை. மூன்று வழி எழுதிய தாளை மட்டும் பிறகு தேடவில்லை.

நானே தனியாகத் திருத்திய முதல் எஞ்சினை எடுக்க வந்தவர் கேட்டார்: "ஐயா, விடியற்காலையில் பிடிக்குமா?"

"பிடிக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. தம்பி அன்று ஊரில் இல்லை. இரவு முழுவதும் புரண்டேன். நான்கரை மணிக்கு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மறைவில் நின்றேன். அவர் கயிற்றை ஒருமுறை இழுத்தார். ஒன்றுமில்லை. இரண்டாம் முறை இருமியது. "ஆண்டவரே, அவருக்காகவாவது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. வள்ளம் இருட்டுக்குள் போய் எஞ்சின் சத்தம் தேயும்வரை நின்றேன்.

வீட்டில் மனைவி விழித்திருந்தாள். இந்த நேரத்தில் எங்கே போனீர்கள் என்று கேட்டாள்.

"ஜெபிக்கப் போனேன்" என்றேன். அவள் என் காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். பிறகு தேநீர் போட எழுந்து போனாள்.