50,000 ரூபாய் எத்தனை நாளைக்கு?

இலங்கையில் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபையின் பாதீட்டில் (ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்) சமூக சேவை அமைப்புகளுக்கான உதவி என்று ஒரு வரி இருக்கும். தொகை சிறியதுதான். ஆனாலும் அதைப் பிரிக்கிற நாளில் எழும் வாதம் வீதிக்கும் வடிகானுக்கும் ஒதுக்கும்போதுகூட எழாது. கடைசியில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்: கேட்ட எல்லா அமைப்புக்கும் சமமாகக் கொடுத்துவிடுவோம். 20 இலட்சம் இருந்து 40 அமைப்புகள் கேட்டிருந்தால் தலைக்கு 50,000. ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் சமூக சேவைப் பணம் பயனில்லாமல் கரைந்து போவதற்கு இந்தச் சமப் பங்குதான் முதல் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு டிவிசனில் (தோட்டப் பிரிவில்) 22 பிள்ளைகள் உள்ள முன்பள்ளி. ஒரு பிள்ளையின் காலை உணவுக்கு 120 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 2,640. 50,000 ரூபாய் 18 நாளைக்குப் போதும், 19ஆம் நாளுக்குப் போதாது. முன்பள்ளி நடப்பதோ ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள். அதே 50,000 ரூபாயை விளையாட்டுக் கழகத்துக்குக் கொடுத்தால் ஜேர்சியும் கிண்ணமும் வாங்கி முடிகிறது. விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது.

விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் பணம் வராவிட்டால் எது நிற்கும், எந்த மாதத்தில் நிற்கும்? ‘சேவை பாதிக்கப்படும்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் திருப்பி அனுப்பி மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். ‘சமையல் செய்யும் அம்மாவுக்கு மே மாதத்திலிருந்து கொடுக்க முடியாது’ என்று எழுதியிருந்தால் அந்த அமைப்புக்குத் தன் கணக்குத் தெரிகிறது என்று நம்பலாம்.

கணக்குத் தெரிந்தவர்களும் தவறுவது போக்குவரத்துச் செலவில். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் 4 பேரை மேல் டிவிசனிலிருந்து டவுன் நிலையத்துக்கு ஆட்டோவில் கொண்டுவர வேண்டும், தூரம் 8 கிலோமீற்றர். போக 8, வர 8 என்று 16 எழுதிவிடுவார்கள். ஆட்டோ டவுனில் நிற்பது. காலையில் வெறுமனே மேலே ஏறி, பிள்ளைகளோடு இறங்க வேண்டும். பகலில் பிள்ளைகளோடு ஏறி, வெறுமனே இறங்க வேண்டும். உண்மையான ஓட்டம் 32 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 100 ரூபாய் என்றால் நாளுக்கு 3,200, வாரத்துக்கு 2 நாள் வீதம் 44 வாரத்துக்கு 2,81,600 ரூபாய். 16 என்று எழுதியவருக்குக் கேட்டதை முழுதாகக் கொடுத்தாலும் 1,40,800தான் கிடைக்கும். ஆண்டின் நடுவில் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பிறகு வரவுப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சு மனசை வருத்தும், ஏனென்றால் பிழை முழுவதும் அந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது.

தோட்டத்து அமைப்புகள் பின்தங்குவதற்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடக் குறுக்கே நின்றது. வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவு செய்த மக்களின் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) சபைப் பணம் போக வழியில்லாமல் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறினாலும் படிவங்கள் பல இடங்களில் பழைய ஞாபகத்திலேயே இருக்கின்றன. கட்டடத்தின் உறுதிப் பத்திரம் (சொத்துரிமைப் பத்திரம்) கேட்பார்கள். லயத்து மண் கம்பனியின் கையில் இருக்கும்போது எந்தச் சங்கம் உறுதியைக் கொண்டுவரும்? அதற்குப் பதிலாகத் தோட்ட முகாமையாளரின் அனுமதிக் கடிதத்தை, எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிட்டு, ஏற்றுக்கொள்ளலாம். அப்படியான இடத்துக்குச் சுவர் கட்டவோ கூரை போடவோ பணம் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது, நாளை இடம் கைமாறினால் எடுத்துச்செல்ல முடியாது. அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, சக்கர நாற்காலி, திரும்பத் திரும்ப வரும் மீண்டெழும் செலவு இவற்றுக்குக் கொடுப்பது மேல். படிவத்தின் இணைப்புகள் வரை தமிழில் இருக்க வேண்டும். முதல் பக்கம் தமிழிலும் நிபந்தனைகள் சிங்களத்திலும் இருந்தால், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போடுவார்கள்.

சபைக்குக் களப் பார்வை கட்டாயம். முன்கூட்டிச் சொல்லாமல், மழைக்காலத்தில் போவது நல்லது. அட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலை. பதுளை, அப்புத்தளைப் பக்கம் நவம்பர். கூரை ஒழுகுகிறதா, விறகு காய்ந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பிள்ளைக்காம்பராவுக்கோ (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கோ) முன்பள்ளிக்கோ போனால் முதலில் அடுப்படிக்குப் போக வேண்டும். அரிசி வாளியில் எவ்வளவு இருக்கிறது, கடைக் கொப்பியில் கடன் எவ்வளவு என்று பார்த்தால் அந்த மாதத்தின் நிலை புரிந்துவிடும். வரவுப் பதிவேட்டில் எல்லா நாளும் எல்லாப் பிள்ளையும் வந்ததாக ஒரே மையில் இருந்தால் அது ஒரே இருப்பில் நிரப்பியது. மழை நாளில் 9, வெயில் நாளில் 20 என்று ஏறி இறங்கினால் அதை நம்பலாம்.

புள்ளித்திட்டம் வைப்பதில் தவறில்லை. தேவைக்கு 40, சென்றடையும் ஆட்களுக்கு 25, கணக்கு ஒழுங்குக்கு 20, சொந்தப் பங்களிப்புக்கு 15 என்பது போல வைக்கலாம். சொந்தப் பங்களிப்பைக் காசாக மட்டும் எண்ணினால் டவுன் அமைப்புகளே வெல்லும். கொழுந்து பறித்துவிட்டு வந்து தாய்மார் முறை வைத்துச் சமைக்கும் மணித்தியாலங்களையும் விலை போட்டுச் சேர்க்க வேண்டும். அமைப்பின் நிர்வாகத்தில் இருக்கும் உறுப்பினர் அந்த விண்ணப்பம் வரும்போது வெளியே போக வேண்டும், அது கூட்டறிக்கையில் பதிவாக வேண்டும்.

பணம் கொடுக்கும் காலம் தொகையைப் போலவே முக்கியம். முழு ஆண்டுக்கான ஆதன வரியை (வீடு, கட்டடங்களுக்கான வரியை) ஜனவரி 31க்குள் கட்டுவோருக்கு 10 சதவீதக் கழிவு இருப்பதால் ஆண்டுத் தொடக்கத்தில் சபையின் கையில் காசு இருக்கும். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகப் பிந்தித்தான் வரும். ஆகவே பெப்ரவரியில் 40, ஜூனில் 40, செப்டம்பரில் 20 சதவீதம் என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பாதி முதலில், மீதி அறிக்கை வந்த பிறகு என்று வைத்தால், அறிக்கை நவம்பரில் வரும், காசோலை டிசம்பர் கடைசியில் போகும், செலவிட நாள் இராது. இப்படித் தவணைகளாகப் பிரிக்குமுன் மொத்த ஒதுக்கீட்டில் 10 சதவீதத்தையாவது அவசரத்துக்கென எடுத்து ஒக்டோபர் வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல். சபைகளின் கை வெறுமையாகும் காலமும் அதுதான். இடம்பெயர்ந்தவர்களைப் பாடசாலையில் தங்கவைத்தால் அன்றிரவே அடுப்பு மூட்டுவதற்கு ஊர்ச் சங்கங்கள்தான் ஓடிவரும்.

பற்றுச்சீட்டு இல்லை என்று கணக்காய்வில் அடிபடுவதும் சின்ன அமைப்புகளே. ஆட்டோக்காரர் பில் தரமாட்டார், கீரை விற்கும் பாட்டியும் தரமாட்டார். முதல் தவணையைக் கொடுக்கும் நாளிலேயே ஓர் ஓட்டப் பதிவுக் கொப்பியையும் கையில் கொடுக்கலாம்: திகதி, புறப்பட்ட இடம், கிலோமீற்றர், ஏறிய பிள்ளைகளின் எண்ணிக்கை, ஓட்டுநர் கையொப்பம், ஒரு தாயின் கையொப்பம். எழுதத் தெரியாத தாய் பெருவிரல் அடையாளம் வைத்தால் பக்கத்தில் சாட்சியின் பெயர் வேண்டும். இந்த 6 நிரல்களுக்கு முன்கூட்டியே கணக்காய்வுப் பிரிவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவைப்பது செயலாளரின் வேலை.

பணம் கிடைக்காத அமைப்புக்கும் கடிதம் போக வேண்டும், தமிழில், டிசம்பர் முடிவதற்குள். எந்தப் பகுதியில் எத்தனை புள்ளி, எந்தத் தாள் குறைந்தது, அடுத்த விண்ணப்பம் எப்போது, அதை நிரப்ப உதவும் உத்தியோகத்தர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று எழுதினால் போதும். நாளைக் குறிப்பிடும்போது அது தோட்டத்தில் சம்பளம் போடும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.