கால் பார்க்கும் கிளினிக்: நாட்குறிப்பு

மே 6, மட்டக்களப்பு

சீனி வருத்தக் கிளினிக்கில் இரத்தச் சீனியும் பிரஷரும் தவறாமல் கொப்பியில் ஏறும், கால்தான் விடுபடும். டொக்டருக்கு முன்னால் போய் இருந்த பிறகு செருப்பைக் கழற்றினால் நேரம் போதாது, வரிசையிலேயே கழற்றுவிக்க வேண்டும். விரலிடுக்கை விரித்துப் பார்க்காவிட்டால் அது அரைப் பரிசோதனை. வயலில் நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண் அங்கேதான் இருக்கும்.

மே 13

மொனோபிலமென்ட். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை. முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொல்வது. பெருவிரலின் அடி, பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் கீழுள்ள மேடுகள்: இந்த மூன்று இடத்திலும் இழையைச் செங்குத்தாக வைத்து, வளையும் வரை அழுத்தி, 2 வினாடியில் எடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தரம் தொடுவது, ஒரு தரம் தொடாமலே "தெரிகிறதா?" என்று கேட்பது. மூன்றில் இரண்டு பதில் சரியென்றால் உணர்ச்சி இருக்கிறது. தொடாமல் கேட்பதை விட்டால், டொக்டர் மனம் கோணக்கூடாதென்று எல்லாவற்றுக்கும் "ஓம்" வரும். காய்ப்பின் மேல் வைத்தால் முடிவு பிழைக்கும். பத்துப் பேருக்குப் பிறகு இழைக்கு 24 மணி நேர ஓய்வு, இல்லாவிட்டால் தளர்ந்துவிடும்.

இழை இல்லாத இடத்தில் சுட்டுவிரல் போதும். இரு காலிலும் 1, 3, 5ஆம் விரல் நுனிகளை மெதுவாகத் தொட, ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைவு.

மே 20

காய்ப்புக்குள் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது உள்ளே கசிந்த இரத்தம், புண் தொடங்கப்போகிறது. கிளினிக்கில் பிளேடால் சீவுவதோடு வேலை முடியாது, அந்த இடத்தில் விழும் பாரத்தைக் குறைக்காவிட்டால் காய்ப்பு திரும்ப வரும். கால் ஆணிக்கு ஒட்டும் அமிலப் பிளாஸ்டர் இவர்களுக்கு வேண்டாம், நல்ல தோலையும் அரித்துவிடும்.

மே 27

நோவில்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிட 2 பாகை செல்சியஸ் சூடாக இருந்தால் சார்கோட் கால் (உணர்ச்சி குறைந்த காலின் எலும்பும் மூட்டும் சிதைவது) என்றே நினைக்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் தடவி நடக்கவிட்டால் எலும்பு நொறுங்கும். சீழ், காய்ச்சல், கறுத்த விரல் என்றால் அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்கு.

ஜூன் 3

கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போகிறவர்களை இப்போதே கேட்டுவிடுவது நல்லது. "போக வேண்டாம்" என்றால் சொல்லாமலே போய்விடுவார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்கு வழியில் உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பாலுள்ள மணலின் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகும் நடை நிற்காது. வெறுங்காலில் நடக்க நேர்த்தி இருந்தாலும் மூடிய செருப்பு வேண்டும். நடை விடியலில், பின்னேரம் கூட வருபவர் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளத்தைக் குத்தாமல், சுத்தத் துணியால் மூடி, பஸ்ஸில் திரும்ப வேண்டும்.