ஜிம் காலி செய்த கதை

இங்கே மொரீஷியஸில் யாராவது "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால் "பேங்க் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். முழுசாகச் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தால் பூரியை முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். எபென் சைபர் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் ஒரு கிரெடிட் யூனியன் கடைத்தெருக்களுக்கும் ஆபீஸ் கட்டடங்களுக்கும் குடோன்களுக்கும் கொடுத்திருக்கிற கடன்களின் கோப்புகளைப் படிப்பது, இதுதான் வேலை. கடன் கொடுப்பது நாங்கள் இல்லை. கொடுத்த கடன் இன்னும் நல்ல கடன்தானா என்று வருஷா வருஷம் பார்த்து எழுதித் தருகிறோம். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஐந்து, அவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் ஆறு. ஊரே வீடு திரும்பும் நேரத்தில் நான் ரோஸ்ஹில்லிலிருந்து கிளம்புவேன்.

கிரெடிட் யூனியன் என்றால் நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் போட்டவர்களே முதலாளிகள். இந்தத் தீவுக்கும் அது புதுசில்லை, 1913லேயே இங்கே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் என்ன வித்தியாசம் என்றால், உறுப்பினர்களின் தொழில் கடன்களுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 1998இல் வந்த சட்டம், பெரும்பாலான கிரெடிட் யூனியன்களுக்கு அது மொத்தச் சொத்தில் 12.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விதிவிலக்குகள் சில இருக்கின்றன, அதை விடுங்கள். சம்பளக்காரர்கள் சேமித்த பணத்தைக் கொண்டுபோய் கட்டடங்களில் கொட்டிவிடக்கூடாது என்ற பயம்தான் அதன் அடியில் இருப்பது என்று நான் நினைக்கிறேன். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

அப்பச்சிக்கு, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அது கிடையாது. காரைக்குடியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "கடன் திரும்ப வரலைன்னா என்னப்பா, கட்டடம் கையில இருக்குல்ல? வித்து எடுத்துக்க வேண்டியதுதானே?" நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஜிம் வந்துதான் அந்த நினைப்பை மாற்றியது.

கோப்பு ரொம்பச் சாதாரணம். ஒரே வரிசையில் ஒன்பது கடைகள், முன்னால் கார் நிறுத்த இடம். 2019இல் கொடுத்த 24 லட்சம் டாலர் கடன், வட்டி 4.25. தவணை 25 வருஷக் கணக்கில் போட்டிருந்தாலும் கடன் ஐந்தே வருஷத்தில் முதிர்ந்துவிடும், மிச்ச அசல் அத்தனையும் அன்றைக்கு ஒரே அடியாக வந்து நிற்கும். பலூன் என்பார்கள். நிஜத்தில் யாரும் அதைக் கையிலிருந்து கட்டுவதில்லை, அன்றைய வட்டிக்குப் புதுக் கடனாக மாற்றிக்கொள்வார்கள். வருஷத்துக்குத் தவணை சுமார் 1,56,000 டாலர். வாடகையில் வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் போக நிற்பது 2,10,000. இதைத் தவணையால் வகுத்தால் 1.35. எங்களுக்கு 1.25 இருந்தால் போதும். அப்ரைசல்படி, அதாவது மதிப்பீட்டாளர் கட்டடத்துக்குப் போட்ட கணக்குப்படி, மதிப்பும் கடனைவிட நன்றாகவே மேலே. பச்சை டிக் போட்டு அனுப்பியிருக்கலாம், முதல் மூன்று வருஷம் அப்படித்தான் போட்டேன்.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்து, பூஜ்யத்தை ஒட்டி இருந்ததை 2023 ஜூலைக்குள் 5.25–5.50க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வருஷ ஆய்வில் நான் செய்தது ஒரு சின்னக் கணக்குதான். 2024இல் கடன் முதிரும்போது பாக்கி கிட்டத்தட்ட 21 லட்சம் இருக்கும், மீதி 20 வருஷத்துக்கு 7.25 வட்டி போட்டால் தவணை வருஷத்துக்கு 1,99,000. அதே வாடகை, அதே கடைகள், அதே கட்டடம், ஆனால் 1.35 போய் 1.05 ஆகிவிட்டது. ஒருவரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, காலண்டர் மட்டும் நகர்ந்திருக்கிறது.

அப்புறம் வாடகைப் பட்டியலை எடுத்தேன். எந்தக் கடை, எத்தனை சதுர அடி, என்ன வாடகை, லீஸ் எப்போது முடிகிறது என்று ஒரு எக்செல் தாள். என்னைக் கேட்டால் அப்ரைசல் ரிப்போர்ட்டின் நூறு பக்கத்தைவிட இந்த ஒரு தாள் பெரியது. முடிவுத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். கோடியில் இருந்த ஜிம் மட்டும் வருஷத்துக்கு 70,000 கொடுக்கிறது, அதன் லீஸ் கடன் முதிர்வதற்கு ஏழு மாதம் முன்பே முடிகிறது. ஜிம் போனால் கையில் 1,40,000, கட்ட வேண்டியது 1,99,000. இதை எழுதி, கடனை வாட்ச் லிஸ்ட்டில், அதாவது கண் வைத்திருக்க வேண்டிய கடன்களின் பட்டியலில், சேர்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, பெரிய கண்டுபிடிப்பு செய்த மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பிசகியது அதற்குப் பிறகுதான். ஜிம் லீஸைப் புதுப்பிக்கவில்லை, அது எதிர்பார்த்தது. ஆனால் அடுத்த மாதமே பக்கத்து ஜூஸ் கடையும் அதற்கு அடுத்திருந்த துணிக்கடையும் வாடகையைப் பாதியாக்கிவிட்டார்கள். கட்ட முடியாமல் இல்லை. அவர்கள் லீஸிலேயே அப்படி இருக்கிறது. பெரிய கடை காலியாக இருக்கும்வரை இவர்கள் பாதி வாடகை கொடுத்தால் போதும் என்று ஒரு பத்தி. கூட்டத்தைக் கொண்டுவருவது ஜிம்தான், அது இல்லாத இடத்தில் யார் வந்து ஜூஸ் குடிப்பார்கள், நியாயமான நிபந்தனைதான். ஆனால் அது வாடகைப் பட்டியலில் வராது. லீஸ் ஒப்பந்தத்தைத் திறந்து படித்தால்தான் தெரியும், இரண்டு ஒப்பந்தமும் கோப்பிலேயே ஸ்கேன் செய்து இருந்தன. நான் திறக்கவில்லை.

எங்கள் டீமில் ஓர் அக்கா இருக்கிறார், நாலைந்து தலைமுறையாக இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம், தமிழ் பள்ளியில் படித்ததோடு சரி. நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்துவிட்டு பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் இருக்கும், அதற்கப்புறம் ஹிந்தி. 1998இல் வந்த புது நோட்டில் வரிசையை மாற்றி ஹிந்தியை மேலே போட்டுவிட, இங்கிருந்த தமிழர்கள் கொதித்துப்போய், கடைசியில் அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. "அந்த நோட்டும் யாரோ ஒருத்தர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்ததுதான் தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுதல் என்றும் சொல்ல முடியாது, ஆனால் அன்றிலிருந்து லீஸைத் திறக்காமல் ஒரு கோப்பையும் மூடுவதில்லை.

கட்டடத்தை விற்றிருக்கலாமே என்பீர்கள். அப்பச்சியும் அதைத்தான் சொன்னார். வாடகைக் கட்டடத்தின் விலையே வாடகையிலிருந்துதானே வருகிறது! ஜிம் போன அன்றைக்கே விலையும் போய்விட்டது, வட்டி ஏறியதில் வாங்குகிறவன் கேட்கும் லாபமும் ஏறிவிட்டது. கடன் வாங்கியவர் திணறும் நாளில்தான் ஈடும் மெலியும், இரண்டும் ஒரே நாளில் வரும்.

இதை ஒரு செட்டிநாட்டு வீட்டில் விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவில் பெகுவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர். அங்கே கொடுத்த கடனுக்கு ஈடு பெரும்பாலும் ஒன்றே ஒன்று, நெல் விளையும் நிலம். 1930இல் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடன் வாங்கிய விவசாயி கட்ட முடியவில்லை, நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1937 வாக்கில் 25 சதவீதம். பேரேட்டில் பார்த்தால் பெரிய ஜமீன். ஆனால் விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை, நிலத்தை இழந்தவனின் கோபம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. ஈடு கையில் இருந்தது, எல்லாம் இருந்தது.

இதைச் சொன்னதும் அப்பச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது வேறப்பா" என்றார்.

எனக்கு வேறாகத் தெரியவில்லை. நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டும் உரிமத் தகட்டை ஈடாக வைத்து அதிலேயே குவித்த கிரெடிட் யூனியன்கள் இருந்தன. 2014 வாக்கில் ஒரு தகடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது, ஊபர் வந்த பிறகு விழுந்தது, கூடவே அவையும் விழுந்தன. அதனால் மாதக் கடைசியில் நான் போடும் அட்டவணையில் முதலில் பார்ப்பது வராக்கடனை அல்ல. ஆபீஸ் எவ்வளவு, கடைகள் எவ்வளவு, குடோன் எவ்வளவு, ஒரே ஊரில் எவ்வளவு, ஒரே ஆளுக்கு எவ்வளவு, அப்புறம் எந்தக் காலாண்டில் எத்தனை பலூன் சேர்ந்து வருகிறது. இதில் ஒரு கட்டம் மட்டும் வீங்கியிருந்தால், அதில் உள்ள ஒவ்வொரு கடனும் தங்கமாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

அந்த ஒன்பது கடைக் கடன் முழுகவில்லை. உரிமையாளர் வேறொரு இடத்தை விற்று மூன்று லட்சம் டாலர் அசலில் கட்டினார், மீதியை மறுபடி 25 வருஷத் தவணையாக நீட்டினார்கள். ஜிம் இருந்த இடத்தில் பாதிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. மீதிப் பாதி இன்னும் காலி. ஜூஸ் கடைக்காரர் பல் ஆஸ்பத்திரியைப் பெரிய கடையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். அந்தப் பத்தியில் எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறது என்பதை இன்று ராத்திரி போய்ப் பார்க்க வேண்டும்.