கம்பாசிட்டர் கைக்கு ஒரு மவுஸ்

திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் என் டிடிபி கடை. வைகாசி முகூர்த்தம் வந்தால் பத்திரிகை வேலை குவிந்துவிடும். அப்போது மட்டும் உதவிக்கு ஓர் அண்ணன் வருவார். அந்தக் காலத்து கம்பாசிட்டர். எந்த அறையில் 'ண', எந்த அறையில் துணைக்கால் என்று பார்க்காமலே ஈய எழுத்தை எடுத்துக் கோத்த கை. கம்ப்யூட்டரில் அவருக்கு ஆகாத ஒரே சாமான் மவுஸ்.

"தம்பி, இவ்ளோ நகத்தினா ஒரு வாட்டி அங்க நிக்குது. அதே அளவு இன்னொரு வாட்டி நகத்தினா பொண்ணு பேரையே தாண்டிப் போவுது."

வயசாகிவிட்டது, கை நிதானமில்லை என்று நானாக முடிவு கட்டினேன். அவர் பேசாமல் ஸ்கேலை மேசையில் வைத்தார். அதன் ஓரமாக மவுஸை விருட்டென்று இரண்டு சென்டிமீட்டர் தள்ளினார். பிறகு அதே இரண்டு சென்டிமீட்டர், ஆமை மாதிரி, திரும்ப இழுத்தார். மவுஸ் கிளம்பின கோட்டுக்கே வந்துவிட்டது. அம்புக்குறி பாதி வழியில் நின்றது.

கடை கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, பழைய லினக்ஸ். மவுஸ் அமைப்பைக் காட்டும் 'எக்ஸ்செட் க்யூ' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்: முடுக்கம் 2/1, வரம்பு 4. அதாவது சட்டென்று 4 பிக்சலுக்கு மேல் நகர்ந்தால் அம்பு இரட்டிப்பு வேகத்தில் ஓடும். கை போன தூரத்தை மட்டுமல்ல, போன வேகத்தையும் அது கணக்கில் சேர்க்கிறது. நமக்கு அது வசதி. தூரத்தை விரலில் வைத்திருப்பவருக்கு, யாரோ ஈய எழுத்துப் பெட்டியைத் தினம் இடம் மாற்றி வைப்பது போல.

இரட்டிப்பை நிறுத்த 'எக்ஸ்செட் எம் 1/1' என்று ஒரு வரி அடித்தால் தீர்ந்தது. ஆனால் சி மொழியில் நிரலாக எழுதிப் பார்க்கிற ஆசை யாரை விட்டது? திரையோடும் மவுஸோடும் பேச நிரல்களுக்கு உதவும் எக்ஸ்லிப் என்ற தொகுப்பில், முடுக்கத்தை மாற்ற எக்ஸ்சேஞ்ச்பாயின்டர்கன்ட்ரோல் என்று ஒரு ஃபங்ஷன். தொகுதி 1, பகுதி 1, வரம்பு 4 கொடுத்து ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் உறைத்தது: எக்ஸ்லிப் கட்டளையை உடனே அனுப்பாது, பஃபரில் சேர்த்து வைக்கும். சேர்ந்ததை அனுப்பிவிடும் எக்ஸ்ஃப்ளஷ் நான் போடவில்லை, அனுப்பிவிட்டு இணைப்பை மூடும் எக்ஸ்குளோஸ்டிஸ்ப்ளேயும் போடவில்லை. கடிதம் எழுதி, தபால் பெட்டியில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்ட கதை. ஒரு வரி சேர்த்தேன், அம்பு அடங்கியது.

போன மாதம் புது மெஷின் வந்தது. அதே நிரல் ஓடுகிறது, பிழை எதுவும் இல்லை, அம்பு மட்டும் பழையபடி குதிக்கிறது. இதில் மவுஸைக் கவனிப்பது லிப்இன்புட் என்ற டிரைவர். முடுக்கக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். என் நிரல் சொல்வது அதன் காதில் ஏறாது. எக்ஸ்இன்புட் என்ற கட்டளையால் அதன் முடுக்க வகையை 'ஃபிளாட்' என்று, அதாவது கை வேகத்தைக் கணக்கில் சேர்க்காத வகையாக, மாற்றினேன். ஆனால் திரை அகலம். ஓரத்துக்குப் போக அண்ணன் மவுஸை மூன்று முறை தூக்கி வைத்தார். வேக எண் -1 முதல் 1 வரை உண்டு, 0.4-இல் அவருக்குச் சரிப்பட்டது.

இந்தக் கட்டளைகள் லாகின் செய்ததும் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். இப்போது சாயங்காலம் வருகிற பையன் முறைக்கிறான்: "அண்ணா, மவுஸ் நொண்டுது." அவனுக்குத் தனி லாகின் போட வேண்டும்.