போன தடவை தைத்த மாதிரியே

பத்தொன்பது வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். துணியை மேசையில் வைத்ததும் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "போன தடவை தைச்ச மாதிரியே கழுத்து வெச்சிடுங்க." அதே பேச்சை 1560-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் படித்தேன். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்ட் 24. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கம்னர் என்ற ஊர். அங்கிருந்து ஏமி டட்லி என்ற இருபத்தெட்டு வயதுப் பெண் தன் தையல்காரர் வில்லியம் எட்னிக்கு எழுதுகிறாள். ஒரு வெல்வெட் கவுன் அனுப்பியிருக்கிறேன், போன முறை அனுப்பினீர்களே செம்பழுப்பு டஃபேட்டா கவுன், அதற்கு வைத்த மாதிரியே இதற்கும் காலர் வையுங்கள், கணக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறேன் என்கிறாள். பதினைந்தே நாள். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, அதே கம்னர் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கழுத்து முறிந்து இறந்துகிடந்தாள்.

தவறி விழுந்தாளா, தள்ளப்பட்டாளா, வேண்டுமென்றே விழுந்தாளா என்று இன்றுவரை பேசுகிறார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அவள் கணவரிடமும் ராணியிடமும்தான் போய் நிற்கிறது. கணவர் ராபர்ட் டட்லி, முதலாம் எலிசபெத் ராணிக்கு மிக நெருக்கமானவர். ஏமி அந்தக் கதையில் ஒரு தடைக்கல் மாதிரி வந்துபோகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

1550 ஜூன் 4-ஆம் தேதி நடந்த அவள் கல்யாணத்துக்கு அப்போதைய சிறுவயது மன்னர் ஆறாம் எட்வர்டே வந்திருந்தார். தன் நாட்குறிப்பில் அதை எழுதியும் வைத்தார். மாப்பிள்ளையின் பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் கட்டித் தொங்கவிட்ட உயிருள்ள வாத்தின் தலையை யார் முதலில் பறிப்பது என்று ஆண்கள் போட்டி போட்டதும் இருக்கிறது. மணப்பெண்ணின் பெயர் இல்லை. "சர் ஜான் ராப்சார்ட்டின் மகள்", அவ்வளவுதான்.

1558 நவம்பரில் எலிசபெத் ராணியானதும் டட்லிக்குக் குதிரை லாயங்களின் தலைமைப் பதவி கிடைத்தது. அவர் எப்போதும் அரண்மனையில், ராணியின் பக்கத்தில். ஏமிக்குச் சொந்தமாக ஒரு வீடுகூட இல்லை. கணவருக்கு வேண்டியவர்களின் வீடுகளில் மாறி மாறித் தங்கினாள். கம்னர் வீடும் அப்படித்தான். டட்லிக்காக வேலை பார்த்த அந்தோணி ஃபார்ஸ்டர் வாடகைக்கு எடுத்திருந்தது. 1559 ஏப்ரலிலேயே ஸ்பெயின் தூதர் ஃபெரியா தன் மன்னருக்கு எழுதிவிட்டார்: டட்லியின் மனைவிக்கு ஒரு மார்பில் நோய், அவள் இறந்ததும் ராணி அவரை மணந்துகொள்ளக் காத்திருக்கிறார் என்று ஊர் பேசுகிறதாம். உயிரோடு இருக்கும் ஒருத்தியைப் பற்றி இப்படி ஊரே பேசினால் அவள் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்?

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பக்கத்து ஊர் அபிங்டனில் அன்று சந்தைத் திருவிழா. வேலையாட்கள் எல்லோரும் போயே ஆகவேண்டும் என்று ஏமி பிடிவாதமாக நின்றாள். யாராவது இருந்துகொள்கிறேன் என்றால் கோபம். அந்த வீட்டில் இருந்த திருமதி ஓடிங்செல்ஸ் என்ற விதவைப் பெண்மணி, "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் போவது மரியாதையாக இருக்காது" என்று மறுத்தார். அதற்கும் கோபப்பட்டாள். மத்தியானம் சாப்பிட யார் துணை என்று கேட்டதற்கு, திருமதி ஓவன் இருக்கிறார், அது போதும் என்றாள். வீட்டைக் காலி செய்வதில் அவ்வளவு அவசரம்.

டட்லி அப்போது விண்ட்சரில் ராணியோடு. மறுநாள் செய்தி வந்ததும் தன் ஆள் தாமஸ் பிளண்டை விசாரிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். பிளண்ட் ஏமியின் பணிப்பெண் பிர்ட்டோவிடம், இது தற்செயலா, சதியா என்று கேட்டார். தற்செயல்தான், மனுஷர் யாரும் செய்ததும் இல்லை, அவள் தனக்குத்தானே செய்துகொண்டதும் இல்லை என்றாள் பிர்ட்டோ. அப்புறம் வாய்தவறி இன்னொன்றும் சொல்லிவிட்டாள். அம்மா தினமும் மண்டியிட்டு ஜெபிப்பார், மனமுடைந்து போகாமல் என்னைக் காப்பாற்று என்று கடவுளிடம் வேண்டியதைக் கேட்டிருக்கிறேன் என்று. பிளண்ட் உடனே, அப்படியானால் அவர் மனதில் தப்பான எண்ணம் ஏதும் இருந்திருக்குமோ என்றார். பிர்ட்டோ பதறிப்போனாள். என் பேச்சுக்கு அப்படி அர்த்தம் எடுப்பீர்களென்றால் இவ்வளவு சொன்னதற்கே வருத்தப்படுகிறேன் என்றாள். இந்த வழக்கில் எனக்கு நம்பத் தோன்றும் ஒரே குரல் இவளுடையது. ஏமிக்குத் தலை வாரி, உடுத்திவிட்டு, கூடவே இருந்தவள். அவளைக் காப்பாற்றத்தான் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

பிரேத விசாரணை அறிக்கை பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்து, 2008-இல்தான் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிப்பட்டது. தனியாக அறையிலிருந்து இறங்க வந்தபோது படியில் தவறி விழுந்து, கழுத்து முறிந்து அந்த இடத்திலேயே இறந்தாள், இது விபத்து என்பது ஜூரியின் தீர்ப்பு. ஆனால் தலையில் இரண்டு காயங்கள் இருந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. ஒன்று கால் அங்குல ஆழம். மற்றொன்று இரண்டு அங்குலம். உடம்பில் வேறு எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு அங்குல டேப்பை மேசையில் விரித்து இரண்டாவது கோட்டில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். தினமும் எத்தனையோ முறை பார்க்கிற அளவுதான். மண்டையில் அவ்வளவு ஆழம் என்று நினைத்ததும் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். படியின் கல்விளிம்பு இதைச் செய்யுமா என்றால் செய்யலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

1956-இல் இயன் ஏர்ட் என்ற அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் வேறொரு விளக்கம் தந்தார். ஃபெரியா சொன்ன மார்பு நோய் புற்றுநோயாக இருந்தால் அது முதுகெலும்புக்குப் பரவி எலும்பை அரித்திருக்கும், அப்போது சாதாரணமாகப் படி இறங்கும்போதே கழுத்து முறியலாம் என்றார். தலைக்காயங்கள் உள்ள அறிக்கை அவர் காலத்தில் வெளியே வந்திருக்கவில்லை. நோய் இருந்தவள் புதுக் காலர் கேட்டு எழுதுவாளா, சாக நினைத்தவள் எழுதுவாளா என்று சிலர் இந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தையல்காரியாகச் சொல்கிறேன், எழுதுவாள். மார்பில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு பக்கம் உள்ளே பேட் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு அக்கா ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் பட்டு பிளவுஸ் கொடுத்து, கையில் பைப்பிங் வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வாங்க அவர் வரவில்லை, அவர் மகள்தான் வந்தாள். துணி கொடுக்கிறவர்களின் மனசு துணியில் தெரியாது.

இன்னொரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஸ்பெயினின் அடுத்த தூதர் டி லா குவாட்ரா செப்டம்பர் 11 தேதியிட்டு எழுதிய கடிதம். ராணியின் செயலாளர் வில்லியம் செசில் அவரிடம், டட்லியின் மனைவியைக் கொல்லப் பார்க்கிறார்கள், அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பரப்புகிறார்கள், உண்மையில் அவள் நன்றாக இருக்கிறாள், விஷம் வைத்துவிடாதபடி கவனமாக இருக்கிறாள் என்றாராம். அடுத்த நாள் வேட்டையிலிருந்து திரும்பிய ராணி, அவள் இறந்துவிட்டாள் அல்லது இறக்கும் நிலையில் இருக்கிறாள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாராம். செய்தி வெளியான பிறகு, கழுத்து முறிந்துவிட்டது என்று இத்தாலிய மொழியில் சொன்னாராம்.

டட்லி ஆள் அனுப்பிக் கொன்றார் என்று நான் நினைக்கவில்லை. இந்தச் சாவுதான் அவர் ஆசைக்கு உலை வைத்தது. கொலைகாரன் என்ற பேச்சு ஐரோப்பா முழுக்கப் பரவியபின் ராணியால் அவரை மணக்கவே முடியவில்லை. ஆனால் அவர் ஒருமுறைகூடக் கம்னருக்குப் போகவில்லை. செப்டம்பர் 22 அன்று ஆக்ஸ்ஃபோர்டு புனித மேரி தேவாலயத்தில் நடந்த பெரிய அடக்கச் சடங்குக்கும் வரவில்லை. பத்து வருஷம் குடும்பம் நடத்தியவள். இதற்கு எந்த அரசியல் காரணம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

1588-இல் டட்லி இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதிய கடிதத்தில் "அவருடைய கடைசிக் கடிதம்" என்று தன் கையால் குறித்து, எலிசபெத் தன் சாவு வரைக்கும் பக்கத்திலேயே பெட்டியில் வைத்திருந்தார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏமி எழுதியதில் நமக்கு மிஞ்சியிருப்பவை இரண்டு கடிதங்கள். ஒன்று கடனை அடைக்க ஆட்டு ரோமத்தை விற்கச் சொல்வது. மற்றது எட்னிக்கு எழுதியது. அதன் கடைசியில், முடிந்த அளவு சீக்கிரம் தைத்து, இதைக் கொண்டுவரும் ஆக்ஸ்ஃபோர்டு வண்டிக்காரர் ஃப்ரூயன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். அப்புறம் அன்போடு விடைபெற்று, கம்னர், ஆகஸ்ட் 24 என்று போட்டு, உங்கள் உண்மைத் தோழி என்று எழுதி, கீழே தன் பெயரை முழுசாக எழுதியிருக்கிறாள்: ஏமி டட்லி.